அட்மின் கடவுச்சொல்லும் அதைக் காக்க வளர்ந்த சைபர்ஆர்க் நிறுவனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றனில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் கணினி வகுப்புக்குத் தோட்டக் காரியாலயங்களிலும் வங்கிக் கிளைகளிலும் வேலை செய்பவர்கள் வருகிறார்கள். கொழும்பில் தகவல் தொழில்நுட்ப வேலைக்குப் போக விரும்பும் மாணவர்களும் வருகிறார்கள். அட்மின் கடவுச்சொல்லை எப்படிப் பாதுகாப்பது என்ற பாடம் வரும்போது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சைபர்ஆர்க் என்ற நிறுவனத்தின் வளர்ச்சியை வழியாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தத் துறை எந்தத் தவறிலிருந்து எதைக் கற்றது என்பது அந்த ஒரே நிறுவனத்தின் கதையிலேயே வரிசையாகத் தெரிகிறது என்பதுதான்.

சிறப்புரிமைக் கடவுச்சொல் என்றால் என்ன? மற்றக் கடவுச்சொற்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரு தோட்டக் காரியாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செக்றோல் பதியும் கிளாக்கருக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அதைக் கொண்டு அவர் அன்று வேலைக்கு வந்தவர்களின் பெயரையும் பறித்த கொழுந்தின் கிலோவையும் பதியலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்த மென்பொருள் ஓடும் கணினிக்கு இன்னொரு கடவுச்சொல் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் கிளாக்கரின் கடவுச்சொல்லையே மாற்றலாம், எந்த மாதத்துப் பதிவையும் திருத்தலாம், திருத்தியதற்கான தடயத்தையும் துடைத்துவிடலாம். இந்த இரண்டாவதைத்தான் சிறப்புரிமைக் கடவுச்சொல் என்கிறோம். பேச்சில் எல்லோரும் அட்மின் பாஸ்வேர்ட் என்பார்கள்.

லினக்ஸிலும் யூனிக்ஸிலும் அது ரூட் கணக்கு, விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. தரவுத்தளத்துக்கும், ரவுட்டருக்கும், கண்காணிப்புக் கமராவின் பதிவுப்பெட்டிக்கும் அதுபோல் ஒன்று உண்டு. இவற்றைத் தவிர, மனிதர் எவரும் கையால் தட்டாத சேவைக் கணக்குகளும் இருக்கின்றன. இரவில் தானாகக் காப்புப் பிரதி எடுக்கும் நிரல் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் கணக்குகளைத்தான் நிறுவனங்கள் அதிகம் மறக்கின்றன.

இப்படியான மென்பொருள் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

பெரிய நிறுவனங்களில் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து இரும்புப் பெட்டகத்தில் பூட்டினார்கள். அவசரம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து உறையைப் பிரிப்பார்கள். பிரித்த பிறகு கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறையைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நல்ல முறைதான். ஆனால் சேர்வர் பத்து இருந்தபோது முடிந்தது ஆயிரம் இருந்தபோது முடியவில்லை. யூனிக்ஸ் உலகில் 1980இலேயே பஃபலோ நகரில் உள்ள நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூடு (sudo) என்ற சிறு நிரலை எழுதினார்கள். ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே குறிப்பிட்ட சில கட்டளைகளை மட்டும் ரூட் அதிகாரத்தில் ஓட்ட அது வழி செய்தது. அதிகாரத்தைக் கூறுபோட்டுக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது என்றாலும், பெரும்பாலான காரியாலயங்களில் நடந்தது எக்செல் தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புவதுதான்.

எங்கள் பக்கத்து நடைமுறையை நான் நேரிலேயே பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன், சம்பளம் போட இரண்டு நாள் இருக்கையில், ஒரு தோட்டக் காரியாலயத்திலிருந்து என்னை அழைத்தார்கள். மின்வெட்டுக்குப் பிறகு சேர்வரில் நுழைய முடியவில்லை. அதை நிறுவிக்கொடுத்த இளைஞர் கட்டாருக்குப் போய்விட்டார். பெரிய கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து, தேயிலை மாதிரி அனுப்பும் கடதாசிப் பையொன்றை எடுத்தார். அதன் பின்புறம் நீல மையில் கடவுச்சொல் எழுதியிருந்தது. மழைக்கால ஈரத்தில் மை பரவி, ஐந்தாவது எழுத்து எண் ஒன்றா அல்லது ஆங்கில ‘எல்’ எழுத்தா என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தோம், எல்தான். அதே கடவுச்சொல் மற்ற ஐந்து கணினிகளையும், ரவுட்டரையும், கமராப் பெட்டியையும் திறந்தது. கட்டாரில் இருந்த அந்த இளைஞரின் தொலைநிலை இணைப்பும் அப்படியே உயிரோடு இருந்தது. அவர் நேர்மையானவர், ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சம்பளக் கணக்கும் சேமலாப நிதி இலக்கங்களும் ஒருவருடைய நேர்மையை மட்டும் நம்பி இருந்தன என்பது அன்று எனக்கு உறைத்தது. அந்த நாளிலிருந்துதான் இந்தப் பாடத்தை வகுப்பில் சேர்த்தேன்.

சைபர்ஆர்க் எப்போது தொடங்கப்பட்டது? முதலில் என்ன செய்தது?

1999இல் இஸ்ரேலில் ஊடி மொக்காடி, அலோன் கோஹென் ஆகிய இருவரும் தொடங்கினார்கள். மொக்காடி சட்டம் படித்தவர். 2005 முதல் 2023 வரை தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்தார். நிறுவனத்தின் தலைமையகம் பெட்டா திக்வா நகரிலும், அமெரிக்க அலுவலகம் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டனிலும் இருந்தன.

அந்தக் காலத்தில் எல்லோரும் வலையமைப்பைச் சுற்றி மதில் கட்டுவதைப் பற்றியே பேசினார்கள். இவர்களுடைய எண்ணம் வேறு: மதில் என்றாவது உடையும், ஆகவே வீட்டுக்குள்ளே ஒரு பெட்டகம் வேண்டும். முக்கியமான கோப்புகளை அதில் வைத்துப் பகிரலாம் என்பதே தொடக்கம். பிறகு அந்தப் பெட்டகத்தில் வைக்க மிகவும் தகுந்த பொருள் நிர்வாகிகளின் கடவுச்சொற்களே என்பது தெளிவாகி, நிறுவனத்தின் திசையே அந்தப் பக்கம் திரும்பியது.

அந்தப் பெட்டகம் எப்படி இயங்குகிறது? சாதாரணக் கடவுச்சொல் செயலியைப் போன்றதுதானா?

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் கட்டமைப்பு வேறு. பெட்டகத்துக்கென்று தனி சேர்வர் ஒதுக்கப்படும். அதில் வேறு எந்த மென்பொருளும் ஓடக் கூடாது. நிறுவனத்தின் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனிலும் அதைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் டொமைனின் அட்மின் திருடப்பட்டால் பெட்டகமும் கூடவே போய்விடும். தேவையான ஒரு வாசலைத் தவிர மற்ற எல்லா வலையமைப்பு வாசல்களும் அடைக்கப்படும். உள்ளே வைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சாவியால் குறியாக்கம் செய்யப்படும். அந்தச் சாவிகளை மேலொரு சாவி காக்கும். எல்லாம் கைவிட்டுப் போனால் மீட்பதற்கான இறுதிச் சாவியை எந்தக் கணினியிலும் வைக்காமல், தனி வட்டில் பதிந்து, உண்மையான இரும்புப் பெட்டகத்தில் பூட்டச் சொல்கிறார்கள். பழைய உறை முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதன் இடம் மட்டும் சுருங்கியது.

பெட்டகத்துக்கு வெளியே மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நிர்வாகி வலைப்பக்கத்தில் வந்து காரணம் எழுதிக் கடவுச்சொல்லைக் கேட்பது. தேவையானால் மேலதிகாரி ஒருவர் ஒப்புதல் கொடுத்த பிறகே அது கிடைக்கும். இரண்டு, வேலை முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லைத் தானாக மாற்றுவது. மூன்றாவது வேலை பின்னர் வந்தது, ஆனால் என் கருத்தில் மிகப் பெரிய மாற்றம் அதுதான்: கடவுச்சொல்லை நிர்வாகிக்குக் காட்டாமலே இடையில் உள்ள ஒரு கணினி அவருக்காக உள்நுழைந்து, திரையில் நடப்பதையெல்லாம் காணொளியாகப் பதிவு செய்வது.

கடவுச்சொல்லைப் பூட்டி வைத்தால் போதாதா? ஏன் அடிக்கடி மாற்ற வேண்டும்?

தேயிலைத் தொழிற்சாலையின் பண்டகசாலைச் சாவியை யார் எடுத்தார், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று புத்தகத்தில் ஒப்பம் வாங்குகிறோம். சாவி திரும்பி வந்துவிட்டால் வெளியில் சாவி இல்லை. கடவுச்சொல் அப்படியல்ல, ஒருமுறை பார்த்தவருடைய நினைவில் அது தங்கிவிடும், திருப்பி வாங்க முடியாது. ஆகவே அதைத் திருப்பி வாங்குவதற்கு உள்ள ஒரே வழி பூட்டை மாற்றுவது. ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் ஆயிரம் சேர்வரில் பூட்டை மாற்றுவது மனிதக் கையால் முடியாது, மென்பொருளால் முடியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் கணினி கடவுச்சொல்லை நேரடியாக வைத்திருப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்னும் சுருக்கத்தை வைத்திருக்கிறது. அந்தச் சுருக்கத்தைத் திருடியவர், கடவுச்சொல் என்னவென்று தெரியாமலே அதைக் காட்டி வேறு கணினிக்குள் நுழையலாம் என்பது 1997இலேயே வெளிப்பட்டது. 2011இல் மிமிகாட்ஸ் என்ற கருவி வந்த பிறகு, நினைவகத்தில் கிடக்கும் கடவுச்சொற்களையும் சுருக்கங்களையும் எடுப்பது மிக எளிதாகிவிட்டது. காரியாலயத்தில் உள்ள எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் என்றால், வரவேற்பு மேசையில் உள்ள கணினியில் விழுந்த ஒரு தீநிரல் சில நிமிடங்களில் சேர்வர்வரை போய்விடும். கடவுச்சொல் எவ்வளவு நீளமானது என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

இந்த அதிகாரம் தவறான கைக்குப் போன உண்மைச் சம்பவங்கள் எவை?

மூன்றைச் சொல்கிறேன். 2008இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபையின் வலையமைப்பு நிர்வாகி ஒருவர், நகரத்தின் முக்கிய வலையமைப்புக்கான கடவுச்சொற்களை மேலதிகாரிகளுக்குக் கொடுக்க மறுத்தார். வலையமைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதை நிர்வகிக்க வேறு எவராலும் முடியவில்லை. சிறையில் இருந்த அவரைச் சந்திக்க மேயர் கவின் நியூசம் நேரில் சென்ற பிறகே கடவுச்சொற்கள் கிடைத்தன. 2010இல் அவருக்கு 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பக்கத்து நியாயத்தைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். என் கவலை, ஒரு பெருநகரம் தன் சாவியைத் தானே வைத்திருக்கவில்லை என்பது.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்தபோது, அவர் அங்கே ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய கணினி நிர்வாகியாக இருந்தார். அவர் செய்தது சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் அதற்குப் பிறகு அந்த முகமை, முக்கியமான செயல்களுக்கு இருவர் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவருவதாக அறிவித்தது. இரும்புப் பெட்டக உறையைப் பிரிக்க இருவர் வேண்டும் என்ற அதே பழைய விதிதான்.

மூன்றாவது நம் நாட்டையும் தொட்டது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில், வங்கிகளுக்கிடையே பணக் கட்டளைகளை அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் நுழைந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் டொலரை அனுப்ப 35 கட்டளைகளைக் கொடுத்தார்கள். 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போயிற்று. 20 மில்லியன் இலங்கைக்கு வந்தது. பெறுபவரின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல் ஃபண்டேஷன் என்று பிழையாக இருந்ததைக் கவனித்த வங்கி விளக்கம் கேட்டதால் அந்தப் பணம் மீட்கப்பட்டது. எழுத்துப் பிழையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தத் திருட்டு எப்படி நடக்க முடிந்தது என்று பாருங்கள்: அந்த அமைப்பை இயக்கும் ஊழியர்களின் கடவுச்சொற்கள் திருடப்பட்டிருந்தன, சேர்வரின் மேல் அதிகாரம் கிடைத்திருந்ததால் ஸ்விஃப்ட் மென்பொருளின் சரிபார்ப்பையே தீநிரல் மாற்றியது, பரிமாற்றங்களைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் பிரிண்டரும் வேலை செய்யாமல் போனது. தடயத்தையும் துடைக்கலாம் என்று முதல் கேள்வியில் சொன்னது இதைத்தான்.

சட்டங்களுக்கும் இந்த நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. கணக்கு மோசடியால் என்ரோன் நிறுவனம் வீழ்ந்த பிறகு அமெரிக்கா 2002இல் சார்பேன்ஸ்–ஒக்ஸ்லி சட்டத்தை இயற்றியது. நிதிக் கணக்குகளை யார் தொட முடியும், தொட்டதற்குச் சான்று எங்கே என்று கணக்காய்வாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2004இல் கடனட்டைத் துறையின் பொதுப் பாதுகாப்புத் தரம் வந்தது. சொல்லில் பதில் சொன்னால் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார், பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தானாகத் தரும் மென்பொருளுக்கு அப்போது சந்தை பிறந்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் அடையாள அட்டை இலக்கமும் தனியாள் தரவுதான் என்பதைக் காரியாலயங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பங்குச் சந்தைக்கு வந்த பிறகு நிறுவனம் எப்படி மாறியது?

2014 செப்டெம்பரில் சைபர்ஆர்க் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 16 டொலருக்கு விலை குறித்த பங்கு முதல் நாள் முடிவில் 30 டொலரை நெருங்கியது. அதற்குப் பிறகு அது வாங்கிய நிறுவனங்களின் வரிசையைப் பார்த்தாலே சிறப்புரிமை என்ற சொல்லின் பொருள் எப்படி விரிந்தது என்று தெரியும்.

2015இல் வியூஃபினிட்டியை 30.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அது சேர்வரைப் பற்றியது அல்ல, ஊழியரின் மேசைக் கணினியைப் பற்றியது: ஒருவர் தம் கணினியில் அட்மினாக இல்லாமலே, தமக்கு வேண்டிய ஒரு செயலிக்கு மட்டும் கூடுதல் அதிகாரம் பெறுவது. 2017இல் கொஞ்சூரை 42 மில்லியனுக்கு வாங்கியது. அது மனிதரை விட்டு நிரல்களுக்கு நகர்ந்த படி. 2020இல் 70 மில்லியனுக்கு ஐடாப்டிவ் வந்தது. அதன்மூலம் சாதாரண ஊழியரின் உள்நுழைவும், இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பும் சேர்ந்தன. 2024இல் வெனாஃபியை ஏறத்தாழ 1.54 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இயந்திரங்களின் அடையாளச் சான்றிதழ்கள்தான் அதன் தொழில். 30 மில்லியனிலிருந்து 1.5 பில்லியனுக்கு ஒன்பது ஆண்டுகள்.

2021இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஒரே தடவை உரிமம் விற்பதை விட்டு, ஆண்டுச் சந்தா முறைக்கு நிறுவனம் மாறத் தொடங்கியது; பெட்டகத்தையும் வாடிக்கையாளரின் கட்டடத்திலிருந்து மேகக்கணிமைக்கு நகர்த்தும் போக்கு வலுத்தது. சிறிய நிறுவனங்களுக்கு இது நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை: சந்தாவை டொலரில் கட்டும் நாட்டில், 2022இல் நாம் கண்டதுபோல் ரூபா ஒரே மாதத்தில் சரிந்தால், பாதுகாப்புச் செலவும் அதே வேகத்தில் ஏறும்.

இயந்திரத்துக்கு எதற்குக் கடவுச்சொல்?

ஒரு வங்கிச் செயலி உங்கள் மீதியைக் காட்டுவதற்குப் பின்னால் பல நிரல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. கேட்பது உண்மையான நிரல்தானா என்று ஒவ்வொன்றும் சரிபார்க்க வேண்டும்; அதற்குக் கடவுச்சொல், இரகசியச் சாவி, சான்றிதழ் ஆகியவை வேண்டும். நிரலாளர்கள் அவசரத்தில் இந்தச் சாவிகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள், அந்த நிரல் எவரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விடுகிறது. கொஞ்சூர் போன்றவை செய்வது, நிரல் ஓடும் அந்தக் கணத்தில் மட்டும் பெட்டகத்திலிருந்து சாவியைக் கொடுப்பது.

சான்றிதழ்களிலும் காலம் குறுகுகிறது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு எடுத்த முடிவின்படி, இணையத்தளச் சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027இல் 100, 2029இல் 47 நாட்கள். 47 நாளுக்கு ஒருமுறை நாட்காட்டியைப் பார்த்துக் கையால் புதுப்பிக்க யாராலும் முடியாது. வெனாஃபிக்கு அவ்வளவு விலை கொடுத்ததன் பின்னணியில் இந்தப் போக்கும் இருக்கிறது.

நிலையான அதிகாரமே வேண்டாம் என்கிறார்களே, அது என்ன?

பெட்டகத்தில் வைத்த கடவுச்சொல் பயன்படாத நேரத்திலும் ஓர் அதிகாரத்தின் சாவியாகவே இருக்கிறது. கணக்கு இருக்கும்வரை அதைத் திருட வாய்ப்பும் இருக்கும். ஆகவே இப்போது, வேலை வரும்போது மட்டும் அதிகாரத்தை உருவாக்கி, ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகிறார்கள். நடு இரவில் யாரிடமும் அட்மின் அதிகாரம் இல்லை என்ற நிலை. கடவுச்சொல்லைக் காப்பதற்காகப் பிறந்த நிறுவனம், காக்க வேண்டிய கடவுச்சொல்லே இல்லாமல் செய்வதை நோக்கி நகர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தத் திருப்பம்.

போட்டி நிறுவனங்கள் எவை? நம் மொழிக்காரர் யாராவது இந்தத் துறையில் இருக்கிறார்களா?

1985இல் சைமார்க் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது பியோண்ட்டிரஸ்ட். 2018இல் பொம்கார் அதை வாங்கி, அதன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. தைகோட்டிக்கும் சென்ட்ரிஃபையும் 2021இல் இணைந்து, 2022இல் டெலினியா ஆயின. ஹாஷிகோர்ப்பின் வோல்ட் என்ற பெட்டக மென்பொருள் 2015இல் நிரலாளர்களுக்காக வந்தது. அதைத் திறக்க வேண்டிய தலைமைச் சாவியைப் பல துண்டுகளாக்கி, அவற்றில் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால் மட்டும் திறக்கும் முறை 1979இல் அடி ஷமீர் வகுத்த கணிதம். 

தமிழர்களுக்கு அருகில் உள்ளது சோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் பெயர் மாற்றிய நிறுவனம். அதன் மனேஜ்எஞ்சின் பிரிவு பாஸ்வேர்ட் மனேஜர் புரோ, பாம்360 ஆகியவற்றை விற்கிறது. சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் இருந்து எழுதப்படும் மென்பொருள் உலகச் சந்தையில் நிற்கிறது என்பதை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். தென்காசியில் முடிந்தது பண்டாரவளையில் முடியாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டகமே உடைந்தால்?

உடைந்திருக்கிறது. 2022இல் மேலே சொன்ன மனேஜ்எஞ்சின் பொருட்களில் கடவுச்சொல்லே இல்லாமல் தொலைவிலிருந்து நிரல் ஓட்டக்கூடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உரிய திருத்தம் வெளிவந்த பிறகும் அதைப் போடாதவர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்தின் வலையமைப்பில் நுழைந்தவர், பகிர்வுக் கோப்புறையில் கிடந்த ஒரு நிரலுக்குள் பெட்டக மென்பொருளின் அட்மின் கடவுச்சொல் எழுதியிருந்ததைக் கண்டதாகத் தாமே சொன்னதைச் செய்திகள் வெளியிட்டன. 2024 டிசெம்பரில் பியோண்ட்டிரஸ்டின் தொலைநிலை உதவிச் சேவைக்குரிய ஒரு சாவி திருடப்பட்டு, அதன்வழி அமெரிக்கத் திறைசேரியின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள்.

இதைக் கேட்டு, பெட்டகமே வேண்டாம் என்று சில மாணவர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாச் சாவியும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடத்தை அதற்கேற்ற கவனத்தோடு காக்க வேண்டும்; திருத்தம் வந்த நாளிலேயே போட வேண்டும், பெட்டகத்தின் சாவியை வேறெங்கும் எழுதக் கூடாது. ஆயிரம் இடத்தில் சிதறிக் கிடக்கும் சாவிகளை எவராலும் காக்க முடியாது.

சைபர்ஆர்க் இப்போது தனி நிறுவனமா?

இல்லை. 2025 ஜூலை 30இல் பாலோ அல்டோ நெட்வேர்க்ஸ் அதைச் சுமார் 25 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது; 2026 பெப்ரவரியில் அந்தக் கொள்வனவு நிறைவடைந்தது. வலையமைப்புக்கு மதில் கட்டும் தீச்சுவர்களால் பெயர் பெற்ற நிறுவனம் அது. மதில் போதாது என்று தொடங்கிய நிறுவனத்தை மதில் விற்றவரே தேடி வந்தார் என்பதிலிருந்து, யார் உள்ளே நுழைகிறார் என்ற கேள்வியே இன்று பாதுகாப்பின் மையம் என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு விலை கொடுக்க முடியாத சிறிய காரியாலயம் என்ன செய்யலாம்?

பணம் இல்லாமலே பெரும்பகுதியைச் செய்யலாம். கிளாக்கர் தம் அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. அட்மினுக்குத் தனிக் கணக்கு வேண்டும். கீபாஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு கடவுச்சொல்லை உருவாக்கி வைக்கலாம். கணினிகள் டொமைனில் இருந்தால், மைக்ரோசொஃப்ட் 2015இல் வெளியிட்ட லாப்ஸ் என்ற கருவி ஒவ்வொன்றின் அட்மின் கடவுச்சொல்லையும் தானாக மாற்றிக்கொண்டிருக்கும். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, தனிக் கட்டணம் இல்லை. கீபாஸின் தலைமைக் கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் முகாமையாளரும் பெரிய கிளாக்கரும் ஒப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், நம் ஊர் ஈரத்தில் மை பரவும்.

யாராவது வேலையை விட்டுப் போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அன்றே அவருக்குத் தெரிந்த கடவுச்சொற்களை மாற்றுங்கள். அது அவமரியாதை என்று எண்ண வேண்டாம். பிறகு ஏதாவது நடந்தால் அவர்மேல் சந்தேகம் விழாமல் காப்பதும் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. எந்தக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுவது?

காப்புப் பிரதியைத் தொடக்கூடிய கணக்கின் கடவுச்சொல்லை. 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியபோது, இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து போனது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு இல்லாமல் போயின. உள்ளே நுழைபவர், அட்மின் அதிகாரம் கிடைத்ததும், முதலில் தேடுவது காப்புப் பிரதியைத்தான். ஆகவே அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறெதற்கும் பயன்படாததாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, வடத்தைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அந்த அலமாரிச் சாவிக்கும் புத்தகத்தில் ஒப்பம் வாங்குங்கள்.